‘ம்’ சொல்லாத லிஃப்ட்காரர்

இருபது வருடம் லிஃப்ட் பழுது பார்த்த ஒரு மனிதருக்கு வாயில் ஓர் எழுத்து மட்டும் வராமல் போயிற்று என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்துக்கொள்ளட்டும். அது முழு எழுத்துகூட இல்லை, வெறும் ‘ம்’. நாமெல்லாம் ஒரு நாளைக்கு எத்தனை முறை அதைச் சொல்கிறோம் என்று கணக்கு வைத்துக்கொள்வதில்லை. பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்கிறோம், பல் துலக்கும்போதும் சொல்கிறோம். எதிராளி என்ன கேட்டார் என்று தெரியாமலே சொல்கிறோம். லிஃப்ட்காரருக்கு அந்தக் கொடுப்பினை போய்விட்டது.

லிஃப்ட் வேலை இரண்டு பேர் வேலை. ஒருவர் மொட்டைமாடி மோட்டார் அறையில் சுவிட்சுப் பலகைக்கு முன்னால் நிற்பார். இன்னொருவர் லிஃப்ட் பெட்டிக்கு அடியில், பள்ளத்துக்குள் இறங்குவார். நடுவில் ஐந்து மாடி உயரத்துக்கு இருட்டு. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, குரல் மட்டும்தான் போய்வரும். அதனால் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. கீழே இருப்பவர் சொன்னதை மேலே இருப்பவர் செய்து முடித்து, அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். “உள்ள இறங்குறேன், மெயினை நிறுத்து” என்று குரல் வந்தால், “நீ உள்ள இறங்குற, மெயினை நிறுத்திட்டேன்” என்று பதில் போக வேண்டும்.

லிஃப்ட்காரரும் அவருடைய கூட்டாளியும் ஆரம்பத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி இதை ஒப்பித்தவர்கள்தான். கூட்டாளியின் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆறடிக்கு மேல் வளர்ந்தவர் என்பதால் எல்லாருக்கும் அவர் நெட்டை. பதினோரு வருடம் சேர்ந்து வேலை செய்ததில் அந்த நீளமான பதில் “நிறுத்திட்டேன்” ஆயிற்று. அது “சரி” ஆயிற்று. “சரி”யும் தேய்ந்து ‘ம்’ ஆயிற்று. கணவன் மனைவிக்குள் நடப்பதுதான். அங்கே பெரிதாக ஒன்றும் நசுங்குவதில்லை.

ஒரு மதியம் நெட்டை கீழேயிருந்து கூப்பிட்டார். லிஃப்ட்காரர் மேலே கருகிப்போன ஒரு ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் ‘ம்’ என்றது. வாய்தான் சொன்னது, அவர் சொல்லவில்லை. ஒயரை மாற்றிவிட்டு, ஓடுகிறதா என்று பார்க்கச் சுவிட்சைப் போட்டார். பெட்டி இரண்டடிதான் இறங்கியது. நெட்டையின் வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

அதற்குப் பிறகு லிஃப்ட்காரர் முகம் பார்த்துப் பேசுவார், சாப்பிடுவார், கடைக்குப் போய்வருவார். ஆனால் முகம் தெரியாத இடத்திலிருந்து யாராவது கூப்பிட்டால் தொண்டை அடைத்துக்கொள்ளும். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி சமையலறையிலிருந்து “என்னங்க” என்பாள். பதில் வராது. அவளே மறந்துபோன நேரத்தில், முதுகுக்குப் பின்னால் பேயறைந்தவர் போல வந்து நிற்பார். அவள் இரண்டு முறை பாத்திரத்தைக் கீழே போட்டிருக்கிறாள்.

எட்டு மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே அவள் சொன்னாள்.

“குட்டி கூப்பிடறத நிறுத்திட்டா. கவனிச்சீங்களா?”

குட்டி அவர்களுடைய மகள். ஏழு வயது. அவர்கள் வீடு நாலாவது மாடியில். அப்பாவின் தொழிலைப் பார்த்துக் குட்டி தானே கண்டுபிடித்த விளையாட்டு ஒன்று இருந்தது. பள்ளிவிட்டு வந்ததும் மாடிப்படியின் அடியில் நின்று, “அப்பா, ஏறட்டுமா?” என்று கத்துவாள். அவர் வீட்டிலிருந்தால் மேலேயிருந்து “ஏறு” என்பார். பதில் வராமல் ஒரு படிகூட ஏற மாட்டாள். விபத்துக்குப் பிறகும் அவள் சில வாரம் கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் வராமல் அடியிலேயே நின்றாள். மனைவி போய் அழைத்து வருவாள். இப்போது குட்டி யாரையும் கேட்காமல், சுவரை ஒட்டி, சத்தமில்லாமல் ஏறி வருகிறாள்.

அவர் கவனித்திருந்தார். கவனிக்காத மாதிரி இருந்தார். மனைவி வாய்விட்டுச் சொன்னதும் உள்ளுக்குள் என்னவோ அறுந்தது. வேலை போனால் போகட்டும். பிள்ளை தன்னைக் கூப்பிடுவதில்லை என்பதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை.

டாக்டரிடம் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தார். மாத்திரையில் தூக்கம் வந்தது. ‘ம்’ மட்டும் வரவில்லை. “வேற வழியும் பாருங்க, தப்பில்ல. மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க” என்றார் டாக்டர். மனைவிக்கு அது போதும். கடைக்கு மூக்குக்கண்ணாடி மாற்ற வருகிறவர்களிடமெல்லாம் விசாரித்து ஒரு பட்டியலே போட்டுவிட்டாள்.

முதலில் கிண்ணம். பாய் விரித்த அறையில் படுக்க வைத்து, தலைமாட்டில் உலோகக் கிண்ணங்களைத் தட்டுவார்கள். அந்த ரீங்காரத்தில் மனம் கரையும் என்றார்கள். பக்கத்தில் படுத்திருந்தவர் கரைந்துபோய்க் குறட்டையே விட்டார். லிஃப்ட்காரர் மட்டும் கண்ணை மூடியபடி, “மூணாவது கிண்ணம் சரியில்லீங்க. பேரிங் தேஞ்ச சத்தம் வருது” என்றார். அடுத்தது ஊசி. காதிலும் நெற்றியிலும் மெல்லிய ஊசிகளோடு அரை மணி நேரம் அசையாமல் கிடந்தார். அது சுகமாகத்தான் இருந்தது, தோள்பட்டை வலிகூடக் குறைந்தது. பிறகு பூங்காவில் சிரிப்புக் கூட்டம். ஒன்று, இரண்டு, மூன்று என்றதும் நாற்பது பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் ஒதுங்கிப் போய் மரத்தடியில் நின்றுகொண்டார். மனம் எங்கேயோ இருக்க வாய் மட்டும் வேலை செய்வதன் பலனை அவர் ஒருமுறை பார்த்தாயிற்று.

கடைசியாக மூச்சுப் பயிற்சி. வட்டமாக உட்கார்ந்து, மூச்சை இழுத்து, வாயை மூடிக்கொண்டு எல்லாரும் வண்டு போல முனக வேண்டும். முப்பது பேர் ஒரே நேரத்தில் ‘ம்ம்ம்’ என்றார்கள். லிஃப்ட்காரர் எழுந்தார். செருப்பைக்கூட மாட்டாமல் தெருவுக்கு வந்துவிட்டார். மனைவி இரண்டு ஜோடிச் செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள். இருவரும் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டார்கள். அவள் அழுதாள், அவரும் அழுதார்.

அந்த வாரம்தான் நெட்டையிடமிருந்து மனைவிக்குப் போன் வந்தது. அவர் இப்போது உதிரிபாகக் கடையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார். காலுக்காக ஒரு நீச்சல்குளத்துக்குப் போவதாகவும், அங்கே ஓர் அம்மா மனக்காயப்பட்டவர்களையும் தண்ணீரில் மிதக்க விடுவதாகவும் சொன்னார்.

“அவரு வர மாட்டாருண்ணா. உங்க பேரச் சொன்னாலே எழுந்து போயிடறாரு.”

“நான் ஒத்தக்கால்ல நிக்கிறேன்னு சொல்லும்மா. அதுக்கு மேல அவன் என்ன செய்வான்?”

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மனைவி அதை அப்படியே போய்ச் சொன்னாள். லிஃப்ட்காரர் மறுபேச்சில்லாமல் கிளம்பினார்.

குளம் சின்னது. கூரையில் கண்ணாடி, அதன் வழியே பகல் வெளிச்சம். தண்ணீர் உடம்புச் சூட்டில் இருந்தது. இறங்கினால் தண்ணீர் எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அந்த அம்மா முன்பு நீச்சல் சொல்லிக் கொடுத்தவர். நரைத்த முடியை ரப்பர் தொப்பிக்குள் திணித்திருந்தார். லிஃப்ட்காரர் அவருக்கு மனதுக்குள் தண்ணீர்க்காரம்மா என்று பெயர் வைத்துக்கொண்டார்.

“காது ரெண்டும் தண்ணிக்குள்ள போயிடும். நான் பேசறது கேக்காது. அதனால தோள்ல ரெண்டு தட்டு தட்டுவேன். நகர்த்தட்டுமான்னு அர்த்தம். நீங்க என் கையில ரெண்டு தட்டினாத்தான் நகர்த்துவேன். இல்லன்னா அப்படியே நிப்பேன். அவசரமே இல்ல.”

லிஃப்ட்காரர் மல்லாந்தார். காது மூழ்கியதும் உலகம் மூடிக்கொண்டது. கூப்பிடுகிற குரல் எதுவும் அங்கே வர முடியாது. தன் இதயம் மட்டும் எங்கோ பல மாடி கீழே ஓடும் மோட்டார் போலக் கேட்டது. கூரையில் தண்ணீரின் வெளிச்சம் நெளிந்தது. அவருக்கு லிஃப்ட் ஓடும் அந்த ஐந்து மாடிக் கூடு முழுக்க வெதுவெதுப்பான தண்ணீர் நிரம்பியது போலிருந்தது. தண்ணீர் நிரம்பிய இடத்தில் எதுவும் தொப்பென்று விழ முடியாதல்லவா? லிஃப்ட் பெட்டி காகிதக் கப்பல் மாதிரி அவர் பக்கத்தில் மெல்ல மிதந்து போனது. கம்பிகள் பாசிபோல ஆடின. நெட்டை இரண்டு காலோடு அடியிலிருந்து நிதானமாக நீந்தி மேலே வந்தார். வழியில் தலையசைத்துவிட்டுப் போனார். லிஃப்ட்காரர் எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தார் என்று அவருக்கே தெரியாது.

தோளில் இரண்டு தட்டு. அவர் விரல் உடனே இரண்டு தட்டியது. ஆனால் உடம்பு நகரவில்லை. கண்ணைத் திறந்தார். தண்ணீர்க்காரம்மா அசையாமல் நின்றிருந்தார். லிஃப்ட்காரர் தலையைத் தூக்கி, “தட்டினேனே” என்றார்.

“விரல் தட்டுச்சு. தோள் கல்லு மாதிரி இருக்கு. நீங்க இன்னும் சொல்லல.”

“அப்ப என்ன செய்வீங்க?”

“மறுபடி கேப்பேன். அவ்வளவுதான்.”

அவர் மறுபடி மல்லாந்தார். கண்ணோரத்தில் வழிந்தது குளத்தில் கலந்துபோனது நல்லதாயிற்று. இரண்டாம் முறை தட்டு விழுந்தபோது பதில் சொல்ல நெடுநேரம் எடுத்துக்கொண்டார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. தோள் தளர்ந்தது. பிறகு விரல் தட்டியது. பிறகுதான் தண்ணீர் நகர்ந்தது.

ஆறு வாரம் போனார். கடைசி வாரம் குளத்தின் படியில் நெட்டை உட்கார்ந்திருந்தார். பொய்க்காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். லிஃப்ட்காரர் ஓடவில்லை. அந்தப் பொய்க்காலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“அன்னைக்கு நீ சொன்னதக் கேக்காமலே ‘ம்’ போட்டேன்டா” என்றார். இத்தனை மாதமும் அந்த ஒரு வாக்கியம்தான் தொண்டையில் நின்றது.

“தெரியும். எனக்கும் அந்த ‘ம்’ சரியா படல. மறுபடி ஒரு தடவ கேட்டிருக்கணும். சோம்பேறித்தனம், இறங்கிட்டேன்.” நெட்டை காலை எடுத்து மாட்டத் தொடங்கினார். “கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். சில நாள் வருது. வந்தா போன் பண்ணித் திட்டறேன், எடுத்துக்கோ.”

“எடுத்துக்கறேன்.”

மறுநாள் குட்டிக்கு விடுமுறை. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். குட்டி நாலாம் மாடியில் வாசல் பக்கம் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். லிஃப்ட்காரர் படியிறங்கினார். அடியில் போய், அவள் எப்போதும் நிற்கும் அதே மூலையில் நின்றார். இந்த மூலையில் அவர் நின்றதே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் படிகள் சுற்றிச் சுற்றிப் போய் மேலே ஒரு சின்ன வெளிச்சமாக முடிந்தன. ஏழு வயதுக்கு இது எவ்வளவு உயரம் என்று நினைத்தார்.

“குட்டி, ஏறட்டுமா?”

குரல் ஏறிப் போனது. பதில் இல்லை. சுவரோரம் வெயில் ஒரு விரல் அகலம் நகர்ந்தது போலிருந்தது. பதில் வராத இடத்தில் நிற்பது எப்படியென்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. அத்தனை வாரம் இதைத்தானே பிள்ளைக்குக் கொடுத்தேன் என்று உறைத்தது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. பிறகு குளத்தில் இரண்டாம் முறை தோளில் விழுந்த அந்தத் தட்டு நினைவுக்கு வந்தது.

“குட்டி, அப்பா கீழ நிக்கிறேன். ஏறட்டுமா?”

மேலே கைப்பிடிக்கு மேல் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

“இருங்க. பாத்துட்டு சொல்றேன்.”

அவள் உண்மையாகவே பார்த்தாள். ஒவ்வொரு தளமாகக் கைப்பிடியில் சாய்ந்து பார்த்தபடி இரண்டாம் மாடி வரை இறங்கி வந்தாள். “ரெண்டாவது மாடில பூனை படுத்திருக்கு. அது போகட்டும்” என்றாள். அதை விரட்டவில்லை. அது சோம்பல் முறித்து எழுந்து போகும் வரை காத்திருந்தாள். பிறகு மறுபடி மேலே ஏறி, தன் இடத்தில் நின்று, கணீரென்று சொன்னாள்.

“பூனை போயிடுச்சு. படியில யாருமில்ல. நீங்க ஏறுங்க.”

அவர் ஏறினார். மேலே வந்ததும் குட்டி அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு கீழே ஓடினாள். “இப்ப என் முறை.”

அடியிலிருந்து குரல் வந்தது. முகம் தெரியவில்லை. “அப்பா, ஏறட்டுமா?”

தொண்டை பழையபடி அடைத்தது. அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். நாலாம் மாடியைப் பார்த்தார், மூன்றாவதைப் பார்த்தார், குனிந்து குனிந்து ஒவ்வொரு படியாகப் பார்த்தார். குட்டி இன்னும் ஏறவில்லை. அங்கேயே நின்று இரண்டாம் முறை கேட்டாள்.

“பாத்துட்டேன்” என்றார். குரல் தன்னுடையதுதானா என்று அவருக்கே சந்தேகம். “படியில யாருமில்ல. நீ ஏறு.”

அவள் ஏறத் தொடங்கினாள். ஏறும்போதே, நேற்று விட்ட இடத்திலிருந்து தொடங்குவது போல, இத்தனை மாதக் கதைகளில் ஒன்றைச் சொல்லத் தொடங்கினாள். வகுப்பில் பக்கத்துப் பெண் இவளுடைய பச்சைப் பென்சிலை ஒடித்துவிட்டு, தான் ஒடிக்கவே இல்லை என்று டீச்சரிடம் சாதித்தாளாம். படி வளைவில் குரல் தேய்ந்து, மறுபடி தெளிந்தது. இரண்டாம் மாடியில் காலடி நின்றது.

“அப்பா, கேக்குறீங்களா?”

“ம்” என்றார் லிஃப்ட்காரர். “பச்சைப் பென்சில ஒடிச்சிட்டு இல்லன்னு சொன்னா. அப்புறம்?”