வைக்கோலுக்கு ஒரு ட்ரீட்மென்ட்

ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், சாணியைக் கரைத்து ஊற்றினால் அடுப்புக்கு கேஸ் தரும் கோபர் கேஸ் தொட்டி ஒன்று இருக்கிறது. மாடுகள் நிறைய இருந்த காலத்தில் கட்டியது. இப்போது மிச்சம் ஒரே ஒரு பசு. அதுவும் சாணி போடுவதில் மகா கஞ்சம். பால் பொங்குவதற்குள் அடுப்பு முனகி அணைந்துவிடும்.

"பொங்கல் முடியட்டும், மேஸ்திரிய கூட்டினு வந்து தொட்டிய மூடிடறேன். அங்க ரூம் கட்னா பொத்தேரி காலேஜ் பசங்க வாடகைக்கு வருவாங்க" என்றான் என் மகன்.

மருமகளின் முகம் விழுந்துவிட்டது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த நெருப்பில்தான் சமைக்கிறாள். சிலிண்டருக்கு அவள் பயப்படுகிற மாதிரி நான் பாம்புக்குக்கூடப் பயந்ததில்லை.

சாணிக்குத் துணையாக வைக்கோலை அள்ளித் தொட்டியில் போட்டாள். அது மக்காமல் மேலே பாய் விரித்த மாதிரி மிதந்து, வழியை அடைத்துக்கொண்டது.

"தொட்டிக்கு மெத்த போட்டுகீறா பாரும்மா!" என்று மகன் சிரித்தான்.

அவள் விடவில்லை. போனில் என்னென்னவோ பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "அத்தை, வைக்கோலுக்கு மொதல்ல ட்ரீட்மென்ட் குடுக்கணுமாம்!"

எனக்கு எழுத்து தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. ஆனால் ட்ரீட்மென்ட் தெரியும். தாம்பரத்தில் முட்டிவலிக்கு ஊசி போட்டுக்கொள்கிறேனே! அந்த டாக்டரம்மா தங்கமானவர், ஊசிதான் கடப்பாரை மாதிரி இருக்கும். அது கிடக்கட்டும்.

"ஐயையோ, இன்னா சீக்கு? பசு அதத்தானே துன்னுது!" என்று கொட்டகைக்கு ஓடி, பசுவின் வாயிலிருந்த வைக்கோலைப் பிடுங்கினேன். அது என்னை முறைத்த முறைப்பு!

மருமகள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சீக்கெல்லாம் இல்ல அத்தை. நறுக்கி, சுண்ணாம்புத் தண்ணில ஊறவெக்கணும். அவ்ளோதான்."

நறுக்கினோம். நீல டிரம்மில் சுண்ணாம்புத் தண்ணீரில் அமுக்கி மூடி வைத்தோம். சில நாள் கழித்துத் திறந்தால், கையைக் கிழிக்கிற அந்த வைக்கோல் வெந்த கீரை மாதிரி குழைந்து கிடக்கிறது! பசு நாள் முழுக்க உட்கார்ந்து அசைபோட்டுச் செய்கிற வேலையை, பல்லும் இல்லாமல் வயிறும் இல்லாமல் ஒரு டிரம் செய்திருக்கிறது. வீட்டுக்கு வெள்ளையடிக்கிற சுண்ணாம்புக்குள் இப்படியொரு சக்தியா? எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தொட்டியை அடைத்திருந்ததை வாரி எறிந்துவிட்டு, ஊறியதைச் சாணியோடு கரைத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டிக்கு ஊட்டினாள், குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி. கேஸ் சேரட்டும் என்று அதுவரை விறகடுப்பில் சமைத்தாள்.

பொங்கல் முடிந்தது. மகன் சொன்னபடி மேஸ்திரி சம்மட்டியோடு வந்து நின்றார். மருமகள் உள்ளே போய்க் குழாயைத் திருகிக் குச்சியைக் கிழித்தாள்.

குப்பென்று பிடித்தது. நீலமென்றால் அப்படியொரு நீலம். பால் பொங்கியது, சோறு வெந்தது, குழம்பு கொதித்தது, அப்புறமும் நின்று எரிந்தது. வெறும் வைக்கோலுக்குள் இவ்வளவு நெருப்பு ஒளிந்திருந்ததா என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மகன் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றான். அவன் வாயில் ஈ போனால்கூடத் தெரிந்திருக்காது.

மேஸ்திரி டீயைக் குடித்து முடித்தார். "எங்க சார் ஒடைக்கணும்?"

"ஒண்ணியும் ஒடைக்க வேணாம்" என்றான் மகன், தலையைச் சொறிந்துகொண்டே. "வைக்கோல் ஊறப்போட சிமென்ட்ல ஒரு தொட்டி கட்டிக் குடு."

உள்ளேயிருந்து மருமகள் குரல் வந்தது. "ரெண்டா கட்டச் சொல்லுங்க!"