இறங்கியாச்சு என்றால் என்ன?

போன மாதம் ஒரு சாயங்காலம் ஜமீலா அக்காவிடமிருந்து போன். காரைக்குடியில் ஸ்கூல் வேன் சர்வீஸ் நடத்துகிறவர், எங்கள் தெருக்காரர். "நாளைக்கு ஆபீஸ் வரைக்கும் வாரீகளா?" என்றார். குரல் சரியில்லை.

நடந்தது இதுதான். இரண்டாவது படிக்கும் மித்ராவைக் கோவிலூர் ஸ்டாப்பில் வேன் இறக்கிவிட்டிருக்கிறது. அம்மா வர வேண்டிய பஸ் லேட். டிரைவர் புதுசு. அக்காவின் வேன்களுக்கென்று செய்த மொபைல் ஆப்பில் 'இறங்கியாச்சு' பட்டனை அழுத்திவிட்டுக் கிளம்பிவிட்டார். அம்மாவின் செல்லுக்கும் பச்சை டிக் போய்விட்டது. பிள்ளை மட்டும் ரோட்டோரம் தனியாக... மெடிக்கல் ஷாப் அம்மா ஒருவர் பார்த்து, உள்ளே உட்கார வைத்து, ஐடி கார்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டிருக்கிறார்.

ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால்?

மறுநாள் போனேன். ஆப் எழுதிய கார்த்தியும் வந்திருந்தார். நான் பல வருடம் கம்பெனிக்காரர்களுக்கும் புரோகிராமர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து, ஒருவர் சொல்வதை மற்றவருக்குப் புரிய வைக்கும் வேலை பார்த்தவன் — அதனால்தான் அழைப்பு.

சாஃப்ட்வேர்தான் தப்பு என்றார் அக்கா. நீங்கள் ஓகே சொன்னதைத்தான் செய்தோம் என்று கார்த்தி ஒரு டயகிராமைக் காட்டினார். மாணவர், வேன், ஸ்டாப் என்று கட்டங்கள், நடுவில் கோடுகள். அக்கா ஓகே சொன்னது உண்மைதான். புரிந்தா சொன்னார்?

டயகிராமை மூடச் சொன்னேன். ஆப்புக்கு என்னவெல்லாம் தெரியும் என்பதைச் சாதாரணத் தமிழ் வாக்கியங்களாக, நிஜப் பிள்ளையின் பேரை வைத்து எழுதுவோம். அக்கா சரியா தப்பா என்று சொல்லட்டும். கட்டம் போடுவதெல்லாம் அப்புறம் என்றேன்.

கார்த்தி அரை மனதோடு டைப் செய்து, படித்துக் காட்டினார். மித்ரா மூன்றாம் நம்பர் வேனில் வருகிறாள். சரி. மித்ரா கோவிலூர் ஸ்டாப்பில் இறங்குகிறாள். சரி. வேன் ஸ்டாப்பில் நின்று, டிரைவர் பட்டனை அழுத்தினால், மித்ரா இறங்கியாச்சு.

அக்கா நிமிர்ந்தார். "அதெப்படி தம்பி? வீட்டு ஆள் கையில பிள்ளையைக் கொடுத்தாத்தானே இறங்கியாச்சு?"

"இதை நீங்க சொல்லவே இல்லையேக்கா."

"நீங்களும் கேக்கலையே. இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும்னு இருந்துட்டேன்."

யாரைக் குறை சொல்வது? ஒரே வார்த்தை, இரண்டு அர்த்தம். சண்டை சச்சரவு இல்லாமல் இத்தனை நாள் ஓடியிருக்கிறது. வாய்விட்டுப் படித்த பிறகுதான் வெளியே வந்தது.

கார்த்தி அதோடு விடவில்லை. வீட்டு ஆள் என்றால் யார் என்று கேட்டார்.  பழைய டிரைவர்களுக்கு வீட்டு ஆட்களின் முகம் தெரியும் என்றார் அக்கா. புதியவருக்கு?

கடைசியில் வந்த வாக்கியம் இது: அம்மா யார் யார் பேரைக் கொடுத்திருக்கிறாரோ, அவர்களிடம் மட்டும்தான் மித்ராவை ஒப்படைப்போம். அதற்குப் பிறகு வரைந்த டயகிராமில் 'கூட்டிப் போகிறவர்' என்று ஒரு கட்டம் கூடுதலாக இருந்தது.

அன்று சாயங்காலமே அக்காவும் கார்த்தியும் மித்ரா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார்கள். புது வாக்கியத்தை எழுதிக் கொண்டுபோயிருந்தார்கள். மித்ராவின் அம்மா அதை வாங்கி இரண்டு தடவை படித்தாராம். பிறகு, "எங்க அக்கா பேரையும் சேத்துக்கங்க" என்றாராம். ஜமீலா அக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

நேற்று சாக்கோட்டை ஸ்டாப்பில் ஒரு பையனைக் கூட்டிப் போக அவன் சொந்தச் சித்தப்பா வந்து நின்றிருக்கிறார். லிஸ்ட்டில் பேர் இல்லை. பையனின் அம்மாவுக்குப் போன் போட்டு, அவர் சரி சொல்லும் வரை டிரைவர் பையனை இறக்கவில்லை. சித்தப்பாவுக்குச் சரியான கோபம்.

எனக்கென்னவோ அந்தக் கோபம் ரொம்பப் பிடித்திருக்கிறது!