கயானாவில் காணாமல் போன விமானம்

என் தங்கையின் கணவர் தென் அமெரிக்காவில் உள்ள கயானாவில் விமான மெக்கானிக். அந்த வேலையைத் தேடிக் கொடுத்தவன் நான். "மாப்ள விமானத்துல ஏற மாட்டாரு, தரையில நின்னு ரிப்பேர் பாக்குறதுதான் வேலை" என்று தங்கையிடம் சொன்னவனும் நான்தான். அது பொய். அங்கே காட்டுக்குள் ரோடு கிடையாது. தங்கச் சுரங்கங்களுக்கு அரிசி, டீசல், ஆள் எல்லாமே சிறு விமானங்களில்தான் போகும். அவற்றை ஓட்டுவது சின்னச் சின்னக் கம்பெனிகள். சிலவற்றிடம் மொத்தமே இரண்டு மூன்று விமானங்கள். காட்டில் ஒன்று பழுதாகி நின்றால், மெக்கானிக் இன்னொன்றில் ஏறித்தான் போக வேண்டும்.

போன ஆவணியில் ஒரு ஞாயிறு மாலை சோழவந்தானில் தங்கை வீட்டில் இருந்தேன். அவள் செல்போனை என்னிடம் நீட்டினாள். கயானாவில் சிறு விமானம் ஒன்றைக் காணவில்லை என்று செய்தி. யாருடையது என்று போடவில்லை.

"நேத்துலருந்து அவரு போன் எடுக்கலண்ணே. அவரு ஏற மாட்டாருல்ல?"

"ஏற மாட்டாரும்மா."

கொல்லைப்பக்கம் போய் அவருடைய கம்பெனிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. இணையத்தில் வேறு கம்பெனிகளின் நம்பர்களைத் தேடினேன். மூன்றாவது இடத்தில் ஒரு பெண் எடுத்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.  காணாமல் போனது மாப்பிள்ளையின் கம்பெனி விமானம்தான் என்றார். தங்கள் விமானங்களும் தேடப் போயிருக்கின்றனவாம். உள்ளே பைலட்டும் ஒரு மெக்கானிக்கும்.

துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டேன். திரும்பினால் தங்கை நின்றிருந்தாள்.

"மெக்கானிக்குன்னு சொன்னாங்களாண்ணே?"

ஆமாம் என்றேன்; மாப்பிள்ளை விமானத்தில் ஏறித்தான் போவார் என்ற உண்மையையும் சொன்னேன். அவள் அழவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. மாப்பிள்ளையின் குரல். 

"மச்சான், நான் மூணு நாளா காட்டுக்குள்ளதான் இருக்கேன். என் போனுக்கு சிக்னல் இல்ல, இது சுரங்கத்து போன். இங்க நின்னுபோன விமானத்துக்குப் பார்ட்ஸ் எடுத்துட்டு வந்த மெக்கானிக்கு... என் ரூம்காரரு மச்சான். அவரும் பைலட்டும் போயிட்டாங்க." 

தங்கை போனை வாங்கினாள். "அங்கருந்து எதுல வருவீங்க?"

"விமானம்தான். வேற வழியில்ல. பார்ட்ஸ் வேற ஆளுக கொண்டு வந்துட்டாங்க, மாட்டிட்டேன். இன்னும் கொஞ்ச நேரத்துல கெளம்புறோம்."

ஒரு மணி நேரப் பயணம் என்றார். தங்கை விளக்கைக்கூடப் போடாமல் போனை மடியில் வைத்திருந்தாள். ஒரு மணி நேரம் கழிந்தது. மேலும் இருபது நிமிடம். நான் பேச வாயெடுத்தபோது கையைக் காட்டித் தடுத்தாள்.

இறங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. அவள் அதை இரண்டு தடவை படித்தாள்.

"நீங்க கெளம்புங்கண்ணே" என்றாள்.

மதுரை ஆரப்பாளையம் பஸ்ஸில் ஏறினேன். மாப்பிள்ளை கார்த்திகையில் ஊர் திரும்பிவிட்டார். தங்கை மறுபடி என்னோடு பேசத் தை மாதம் ஆகிவிட்டது.