தழும்பில் பச்சை

மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர் சந்தையில் நான் மிஷினில் பச்சை குத்திக்கொண்டிருந்த காலம். ஒருநாள் கூட்டம் குறைந்ததும் ஒரு அக்கா வந்தார். வேலூரில் ஆபரேஷன் செய்து ஒரு மார்பை எடுத்துவிட்டார்களாம்.

"காம்பு இருந்த எடத்துல வட்டமா ஒன்னு குத்துவியா தம்பி? குளிக்கிறப்ப பாத்தா வெறிச்சுனு கீது."

எனக்குத் தலை நிமிரவில்லை. கையில் பேரும் தேளும் குத்தித்தான் பழக்கம். அடுத்த சந்தைக்கு வரச் சொன்னேன்.

அந்த வாரம் முழுக்க இருப்புக்கொள்ளவில்லை. என் காலில் பழைய அரிவாள் வெட்டுத் தழும்பு ஒன்று உண்டு. அதில் வட்டம் குத்திப் பார்த்தேன். ஒரு இடத்தில் மை ஏறவே இல்லை, பக்கத்திலேயே ஊசி ஆழமாக இறங்கியது. மூன்றாம் நாள் சீழ் வைத்தது.

அவர் வந்ததும் காலைக் காட்டினேன்.

"ஐயோ, இன்னா இப்படி வீங்கிக்கீது! உன்ன யாரு குத்திக்கச் சொன்னது?"

"தழும்புல குத்திப் பழகினவங்கதான் இத செய்யணும்க்கா. எனக்கு அந்தக் கை இல்லீங்க. மருதாணி வெச்சிப் பாருங்க, ஊசியே வேணாம்."

"அட, இது எனக்குத் தோணலையே!" என்று சிரித்துக்கொண்டே போனார்.

மலை இறங்கும் பஸ்ஸில்தான் உறைத்தது. மருதாணியை என் தழும்பில் வைத்துப் பார்க்காமலே சொல்லிவிட்டேன்.