அறுவடையை நிறுத்திய மாமா

என் கணவரின் தகப்பனாரை நான் மாமா என்றுதான் கூப்பிட்டேன். நாங்கள் குடியிருக்கும் வெரிபீயிலிருந்து காரில் நாலு மணி நேரம் போனால் வருகிற கோதுமைச் சமவெளியில் பிறந்து, அங்கேயே தொண்ணூறு வயது தாண்டி வாழ்ந்த வெள்ளைக்கார விவசாயி அவர். ஆங்கிலக் காதுக்கு அந்தச் சொல் அம்மா என்பதுபோலக் கேட்கும். ஊர்க் கடையில் நான் கூப்பிட்டால் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். தொப்பியோடு நிற்கும் ஆறடி மனிதர், கொஞ்சமும் கூச்சமில்லாமல், "என்ன மகளே?" என்பார். பிறகு பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் மாமாவாகிப் போனார்.

தொலைபேசியில் அவர் முதலில் சுகம் விசாரிக்க மாட்டார்.

"அங்கே மழை பெய்ததா?"

பெய்தது என்றால், "எவ்வளவு?" என்பார். நான் முழிப்பேன். வறட்சியில் செம்மறிகளை விற்றதையும், மனைவி இறந்த வருடம் நன்றாக விளைந்ததையும் ஒரே குரலில் சொல்லுவார். சொந்தத் தம்பியின் கல்யாணத்துக்குக்கூட அறுவடையை நிறுத்தாதவர் என்று மைத்துனி கேலி செய்வாள்.

கொரோனாவால் எல்லைகள் மூடியிருந்த காலத்தில் மன்னாரில் என் அப்பா இறந்தார். நாங்கள் அப்போது அறுவடை உதவிக்குப் பண்ணைக்குப் போயிருந்தோம். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அப்பாவின் அடக்கப் பூசையை நேரலையில் பார்க்க, குசினி மேசையில் போனைச் சாய்த்து வைத்துவிட்டுத் தனியே இருந்தேன். வெளியே இயந்திரத்தின் இரைச்சல் திடீரென்று நின்றது. மாமா முகம் கழுவி, சட்டை மாற்றி, என் கணவரையும் அவரின் அண்ணனையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார்.

"மழை வருகிறதே, மாமா."

"வரட்டும்."

ஒரு சொல்லும் விளங்காத பூசையை, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை பார்த்தார். எல்லாம் முடிந்த பிறகு அம்மா போனுக்கு வந்தார்.

"ஆர் பிள்ளை பக்கத்தில இருக்கிறது?"

"மாமா, அம்மா. கோதுமை வெட்டை நிப்பாட்டிப்போட்டு வந்திருக்கிறார்."

"அருவி வெட்டு நேரத்திலயோ? அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் குடு பிள்ளை."

அன்று பின்னேரமே மழை பிடித்தது. நாட்கணக்கில் விடவில்லை. வெட்டாமல் நின்ற கோதுமை கதிரிலேயே முளைத்து, மாட்டுத் தீனியாகத்தான் போனது. இதை மாமா என்னிடம் சொல்லவேயில்லை. மைத்துனி சொல்லித்தான் தெரியும். மனம் கேட்காமல் ஒருநாள் நானே அவரிடம் கதையெடுத்தேன்.

"அது கோதுமைதானே" என்றார்.

போன இலையுதிர் காலத்தில், விதைப்பு நடந்துகொண்டிருந்தபோது, மாமா நித்திரையிலேயே போய்விட்டார். அதற்கு முதல் வாரம்வரை பெரிய மகன் வண்டியோட்ட, பக்கத்து இருக்கையிலிருந்து வேலியோரமாகச் சுற்றி வந்தவர். தேவாலயம் நிறைய ஆட்கள். புதைத்துவிட்டு வந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், பெரிய மகனைக் காணவில்லை. பார்த்தால், தூரத்தில் விதைக்கும் இயந்திரம் புழுதி கிளப்பிக்கொண்டு போகிறது.

சாண்ட்விச் கொஞ்சத்தைச் சுற்றி எடுத்துக்கொண்டு வயலுக்கு நடந்தேன். என்னைக் கண்டு இயந்திரத்தை நிறுத்தினார். தேவாலயத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டை இன்னும் மேலில் இருந்தது. கண் சிவந்திருந்தது. நின்றபடியே சாப்பிட்டார். இருட்டுவதற்குள் இந்த வயல் துண்டை முடிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு மறுபடி ஏறிக்கொண்டார்.