வெட்டி எடுத்த ஒன்பது விநாடிகள்

நம் இணையப் பக்கத்துக்குப் புதிதாக எழுத வரும் பிள்ளைகள் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். சின்த்-பாப் பற்றி, எலெக்ட்ரோனிக் இசை பற்றித் தமிழில் எப்படி எழுதுவது என்பது ஒன்று. வாரம் தவறாமல் எழுதிக்கொண்டிருந்த சிவா அண்ணன், அதாவது நான், ஏன் ஒரு வருஷம் காணாமல் போனேன் என்பது மற்றது. இரண்டுக்கும் ஒரே பதில்தான். அதை எழுத வேண்டாம் என்று, பக்கத்தை என்னோடு சேர்ந்து நடத்தும் ரமீஸ் சொன்னான். அவன் சொல்வதை நான் என்றைக்குக் கேட்டேன்?

1. மத்தியானக் கொழுந்து

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தின் தேயிலை ஸ்டோரில் நான் எலெக்ட்ரீஷியன். வெளியூர்க்காரர்களுக்கு அது ஃபெக்டரி, எங்களுக்கு ஸ்டோர். அன்றைக்கு மத்தியானக் கொழுந்து நிறுத்து முடிந்து, மேல்மாடியில் பெண்கள் அதை வாட்டுவதற்குப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே கம்பிவலை போட்ட நீளமான தொட்டிகள் நான்கு. ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஆள் உயரத்துக்கு ஒரு காத்தாடி இருந்து, கொழுந்துக்கு அடியால் காற்றைத் தள்ளும்.

நான் கீழே, கொழுந்து உருட்டும் ரோலர் ஒன்றின் மோட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மேலே டமார் என்று ஒரு சத்தம். பிறகு அலறல். எந்தக் காத்தாடி என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. படியேறும்போதே "நாலாவது, நாலாவது" என்று என் வாய் சொல்லிக்கொண்டிருந்தது.

அடிபட்டவர் பாக்கியம் அக்கா. அந்த மாடியில் இருபது வருஷமாகக் கொழுந்து பரப்பியவர். தரையில் சிந்தியதைக் கூட்டுவதற்காகக் காத்தாடிக்கு முன்னால் குனிந்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து பேரிங் உடைந்து, தண்டு சரிந்து, பிளேடு கூட்டில் அடித்துத் துண்டாகி, துருப்பிடித்த காவல் வலையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. அவருடைய வலது கையைக் கொழுந்துச் சாக்கில் சுற்றி, லொறியில் ஏற்றி அனுப்பினோம். மூன்று விரல்கள் போய்விட்டன.

லொறி போன பிறகு மாடிக்குத் திரும்பினேன். மற்ற மூன்று காத்தாடிகளும் ஓடிக்கொண்டிருந்தன. யாரும் நிறுத்தவில்லை. சத்தம் அத்தனை சுத்தமாக இருந்தது. அதைக் கவனித்ததற்காக என்னையே எனக்கு அடிக்க வேண்டும்போல வந்தது.

2. பைத்தியம் பிடித்த கதை

ரமீஸுக்கு ஹட்டன் டவுனில் போன் ரிப்பேர் கடை. இதற்கெல்லாம் முன்பு ஒரு தடவை, திருவிழாவுக்கு வந்த ஓர் இசைக்குழு, மழையில் நனைந்த கீபோர்டை அவனிடம் விட்டுப் போனது. திறந்து பார்க்க என்னைக் கூப்பிட்டான். அதற்குள் ஒலியைப் பிறப்பிக்கும் ஒசிலேட்டர்கள் இரண்டு. இரண்டையும் ஒரே சுருதியில் வைத்தால் சத்தம் தட்டையாக இருக்கும். ஒன்றைத் துளியளவு இறக்கினால் இரண்டும் உரசி, நடுவில் ஓர் அலை பிறக்கும். வவ்... வவ்... என்று மெல்ல ஏறி இறங்கும். டீட்யூன் என்பது அதுதான். இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"மச்சான், இது மெசின்டா. ஆனா மூச்சு விடுது பாரு," என்றான் ரமீஸ்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. எண்பதுகளின் சின்த்-பாப், பழைய ஜெர்மன் குழுக்கள், டிரம் மெசின் என்று கிடைத்ததை எல்லாம் கேட்டோம். கேட்டதை எழுதினோம். வாசித்தவர்கள் முதலில் பன்னிரண்டு பேர். அதில் என் மனைவியும் ஒருத்தி; அவளும் வாசித்தாளா என்பது சந்தேகம்தான்.

பக்கத்துக்கு இரண்டு சட்டம் வைத்தோம். "சூப்பர்", "செம" போன்ற சொற்கள் வரக் கூடாது. ஒன்றை மூன்று வெவ்வேறு நாட்களில் மூன்று தடவை கேட்காமல் எழுதக் கூடாது. முதல் தடவை காது ஏமாறும், இரண்டாம் தடவை மனசு ஏமாறும், மூன்றாம் தடவை கேட்பதுதான் உண்மை என்பான் ரமீஸ். நல்ல சட்டம்தான். இன்றைக்கும் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் கொண்டுபோய் எங்கே வைத்தேன் என்று பாருங்கள்.

3. நாலாவது காத்தாடி

நான்கு காத்தாடிகளும் ஒரே வகை மோட்டர், ஒரே வேகம். சேர்ந்து ஓடும்போது ஒரே முழக்கம்தான். விபத்துக்கு முன்பு ஒருநாள் காலையில் மாடிக்குப் போனபோது அந்த முழக்கத்துக்குள் அலை கேட்டது. நாலாவது காத்தாடி துளியளவு வேகம் குறைந்து, மற்ற மூன்றோடு உரசிக்கொண்டிருந்தது. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் ஒரு வாய் டீ குடிக்கலாம், அத்தனை நிதானம். ரமீஸின் கீபோர்டில் கேட்ட அதே சங்கதி, ஆள் உயரத்தில்! போனை எடுத்து ரெக்கார்ட் செய்தேன்.

எலெக்ட்ரீஷியன் என்ற முறையில் அது என்ன என்று எனக்குத் தெரியும். பேரிங் இறுகுகிறது, மோட்டர் திணறுகிறது. செய்ய வேண்டியதும் தெரியும். நிறுத்தி, கழற்றிப் பார்த்து, மெசின்களின் நிலையைக் குறிக்கும் லொக் புத்தகத்தில் எழுதி, ஸ்டோர் பொறுப்பாளரான டீமேக்கரிடம் புது பேரிங் கேட்க வேண்டும். நான் அன்றைக்கு லொக் புத்தகத்தில் நாலாவதற்கு நேராக "ஓகே" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திருத்தினால் அந்த ஒலி போய்விடும். மூன்று தடவை கேட்க வேண்டுமே.

மூன்று நாள் கழித்து இரண்டாம் தடவை. அலை நெருங்கியிருந்தது. லொக் புத்தகத்தில் ஓகே. அடுத்த வாரம் மூன்றாம் தடவை. இப்போது மலையேறி வந்தவனின் மூச்சு வேகத்தில் அலை வந்தது, அடியில் டிக், டிக் என்று ஒரு சின்னத் தட்டல். டிரம் மெசின் சேர்ந்தது என்று சந்தோஷப்பட்டேன். ஐயோ, சந்தோஷப்பட்டேன்! அந்த ரெக்கார்டிங்கின் நடுவில் பாக்கியம் அக்கா கொழுந்துக் கூடையோடு வந்து பேசினார். நானும் பதில் சொன்னேன். பக்கத்தில் போடும்போது அந்த ஒன்பது விநாடிகளை வெட்டிவிட்டேன். ஓடுகிற ஒலியின் நடுவில் பேச்சு எதற்கு?

கட்டுரை நன்றாக வந்திருந்தது. நான் எழுதியதில் அதுதான் சிறந்தது என்று ராகலையிலிருந்து ஒரு பிள்ளை எழுதியது. ஞாயிற்றுக்கிழமை ரமீஸ் நல்ல மைக் ஒன்றோடு வருவதாகச் சொன்னான். அதுவரைக்கும் ஓடட்டும் என்று விட்டேன். வெள்ளிக்கிழமை பிளேடு உடைந்தது.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். நான் மணியோசைக்கு விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தேன்.

4. இரண்டு புத்தகம்

அடுத்த வாரம் டீமேக்கர் ஐயா என்னை ஒஃபிஸுக்குக் கூப்பிட்டார். ஸ்டோருக்குள் அவர்தான் எல்லாம். மேசையில் விபத்து அறிக்கை இருந்தது. காத்தாடி ஓடும்போதே, தொழிலாளி வலை இடுக்கால் கையை விட்டுக் கொழுந்து எடுத்ததால் விபத்து என்று அதில் இருந்தது. அவரது கவனக்குறைவே காரணமாம்.

"பாக்கியம் அக்கா கைய விடலைங்க," என்றேன்.

"நீ பாத்தியா?"

"பாக்கலைங்க."

லொக் புத்தகத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "இது யாரு கையெழுத்து? ஓகே, ஓகே, ஓகே. மெசின் நல்லா இருந்திச்சுன்னு எழுதுனது நானா, நீயா? மெசின் நல்லா இருந்திச்சுன்னா தப்பு யாரு மேல? நீயே சொல்லு."

வெளியே வந்தேன். அவரைத் திட்டவும் எனக்கு யோக்கியதை இல்லை. என் கையெழுத்தை வைத்துத்தானே அவர் அந்தப் பெண்ணின் கையை வெட்டுப்பட்ட இடத்திலேயே மறுபடி வெட்டுகிறார். நான் உண்மையை ஒரு பக்கத்தில் எழுதினேன், பொய்யை ஒரு புத்தகத்தில் எழுதினேன். ஸ்டோரில் புத்தகத்துக்குத்தான் மதிப்பு.

ஹட்டன் லேபர் ஒஃபிஸில் விசாரணை என்று கடிதம் வந்தது. அதற்கு முதல் நாள் ரமீஸ் கடைக்குப் போய், கட்டுரையையும் ரெக்கார்டிங்கையும் கொடுக்கப் போவதாகச் சொன்னேன். வெட்டாத ஃபைல் அவனுடைய கம்ப்யூட்டரில் இருந்தது. போட்டுக் கேட்டோம். முடிந்ததும் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மச்சான், வெட்டுனத மட்டும் குடு. மெசின் பழுதுன்னு அதுவே காட்டும். அக்கா பேரு தப்பிச்சிரும். இந்த ஒம்பது செகண்டக் குடுத்தா ஒன்னைய யாரும் காப்பாத்த ஏலாதுடா."

"வெட்டுனத குடுத்தா, நடுவுல ஏன் வெட்டியிருக்குன்னு கேப்பாங்க."

"கேக்க மாட்டாங்க. நீ எவ்வளவு நல்லா ஒட்டியிருக்கன்னு எனக்குத் தெரியும்."

அது உண்மை. ஒட்டிய இடம் காதுக்குக் கேட்கவே கேட்காது. அந்தத் தொழிலில் நான் கெட்டிக்காரன்.

5. லேபர் ஒஃபிஸ்

அதிகாரி ஒரு சிங்களப் பெண்மணி. பாக்கியம் அக்கா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரில் டீமேக்கர் ஐயா, லொக் புத்தகத்தோடு.

நான் கட்டுரையை நீட்டினேன். தமிழில் இருந்ததால் வாசித்துச் சொல்லச் சொன்னார். "நாலாவது காத்தாடி மற்ற மூன்றையும் விட்டு மெல்ல விலகிப் போகிறது, அந்த விலகலில்தான் இசை பிறக்கிறது" என்று நான் உருகி எழுதியதைச் சிங்களத்தில் சொன்னேன். அப்படிச் சொல்லும்போது அதில் ஓர் உருக்கமும் இல்லை, பேரிங் பழுது மட்டும்தான் இருந்தது.

"அப்படியானால் பழுது என்று உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும், மிஸ்."

டீமேக்கர் ஐயா எழுந்து, இது ஏதோ பாட்டுப் பைத்தியத்தின் கதை, இதற்கும் ஸ்டோருக்கும் சம்பந்தமில்லை என்றார். அதிகாரி அவரை உட்காரச் சொல்லிவிட்டு ரெக்கார்டிங்கைப் போடச் சொன்னார்.

முழுசையும் போட்டேன். சின்ன அறை, பழைய ஸ்பீக்கர். காத்தாடிகளின் முழக்கம் வந்தது. அலை வந்தது. தட்டல் வந்தது. பிறகு ஒரு பெண் குரல், அதன் மேல் ஓர் ஆண் குரல்.

"இந்த அம்மா என்ன சொல்கிறார்?" என்று அதிகாரி கேட்டார்.

அறையில் தமிழ் தெரிந்தவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள். நான் மொழிபெயர்த்தேன். பாக்கியம் அக்கா சொன்னது இது: "தம்பி, நாலாவது காத்தாடி ஒரு மாதிரி அழுவுதுங்க. பயமா இருக்கு. நிப்பாட்டிப் பாருங்களேன்."

"அந்த ஆண் என்ன பதில் சொன்னார்?"

"'ஸ்ஸ், பேசாதீங்கக்கா, ரெக்கார்டிங் போகுது' என்றார்."

"யார் அந்த ஆள்?"

"நான்தான், மிஸ்."

6. மூன்றாவது சட்டம்

அறிக்கையிலிருந்து கவனக்குறைவு என்ற சொல்லை எடுத்தார்கள். இயந்திரக் கோளாறு என்று எழுதினார்கள். என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். இருபத்தாறு வருஷ வேலை. ஆனால் அநியாயம் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. அதன் பிறகு ஒரு வருஷம் பக்கத்தில் ஒரு வரியும் எழுதவில்லை. இப்போது ரமீஸின் கடையில் போன் திருத்துகிறேன்.

விசாரணை முடிந்து பஸ் ஸ்டாண்டில் நின்றபோது பாக்கியம் அக்கா பக்கத்தில் வந்து நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏன் தம்பி, அது நெசமாவே ஒங்களுக்கு பாட்டு மாதிரி கேட்டிச்சா?"

"கேட்டிச்சுக்கா."

"நான் பேசுனது கேக்கலையா?"

"கேட்டிச்சுக்கா. இடைஞ்சலா கேட்டிச்சு."

 மஸ்கெலியா பஸ் வந்தது. அவர் இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறப் பார்த்தார், பிடி கிடைக்கவில்லை. நான் கை நீட்டினேன். அவர் பின்னால் நின்ற வேறொரு பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

பிள்ளைகளே, எழுதுங்கள். மூன்று தடவை கேட்டுவிட்டு எழுதுங்கள். மெசினுக்குள் இசை இருக்கிறது, அதை நான் இன்றைக்கும் மறுக்க மாட்டேன். மூன்றாவது சட்டம் ஒன்றை மட்டும் சேர்த்திருக்கிறேன். ரெக்கார்டிங்கில் மனுஷக் குரல் விழுந்தால் வெட்டக் கூடாது. ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டு, அவர் என்ன சொல்கிறார் என்று முதலில் கேட்க வேண்டும்.

நாலாவது காத்தாடி பற்றிய அந்தக் கட்டுரையைப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். ஒலியை எடுக்கவில்லை. ஒன்பது விநாடிகளையும் திரும்பச் சேர்த்து, முழுசாகப் போட்டிருக்கிறேன். எழுதத் தொடங்கும் முன் அதை ஒரு தடவை கேளுங்கள். அதற்கு ஒரு தடவை போதும்.