பன்னிரண்டாம் மாடிக் கம்பி

நம்பினால் நம்புங்கள். இது எனக்கு நடந்தது. உட்கார்ந்து கதை கட்ட என் வேலை எனக்கு நேரம் கொடுத்ததில்லை.

நான் அரசுக் குடியிருப்புகளைப் பராமரிக்கும் பொறியாளர். அந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்துக்கு நாற்பத்திரண்டு வயது. இடிப்பதா, பழுது பார்ப்பதா என்று ஆறு வருடமாக இழுத்தடித்தார்கள். கூட்டம் போட்டார்கள், குழு போட்டார்கள், டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள். சிமெண்ட் மட்டும் யாருக்கும் காத்திராமல் உதிர்ந்துகொண்டிருந்தது. கடைசியில், வீடு வீடாகப் போய்க் கருத்துப் படிவம் வாங்கும் வேலையை, போன மாதம்தான் இந்த அலுவலகத்துக்குத் திரும்பி வந்த என் தலையில் கட்டினார்கள்.

லிஃப்ட் வழக்கம்போல் மக்கர். எரிச்சலோடு படியேறினேன். பன்னிரண்டாம் மாடி. பட்டியலில் கடைசி வீடு. மாலை 5.40.

கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். அதற்குள் திறந்தது.

ஐம்பது வயதுக்காரர் ஒருவர் நின்றார்.

“இப்பதான் வழி தெரிஞ்சுதா சார்?”

“இடிக்கவா, ரிப்பேர் பண்ணவா? ஒரு டிக் போட்டுக் கையெழுத்துப் போடுங்க.”

“முதல்ல பால்கனிக் கம்பியைப் பாருங்க. மூணு தடவை எழுதிக் கொடுத்தாச்சு.”

எல்லா வீட்டிலும் கேட்ட பாட்டுதான். சலித்துக்கொண்டே அவர் பின்னால் போனேன்.

ஏதோ சரியில்லை... வீட்டில் ஒரு நாற்காலிகூட இல்லை. தரை முழுக்கத் தூசி. அதில் என் செருப்புத் தடம் மட்டும் பதிந்திருந்தது.

அவர் எனக்கு முன்னால்தான் நடந்து போனார்.

பால்கனியில் அவரைக் காணோம். கம்பியைப் பிடித்து ஆட்டினேன். அசையவில்லை. பெயிண்ட்கூட மங்கவில்லை.

“நல்லாத்தானே இருக்கு?” என்றேன்.

“இது... அப்புறம் போட்டது சார்.”

குரல் வீட்டுக்குள்ளிருந்து வரவில்லை.

கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.

பிறகு...

தொப்!

எட்டிப் பார்த்தேன். கீழே பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மணி 5.46.

எப்படி இறங்கினேன்... தெரியாது.

மறுநாள் காலை எங்கள் அலுவலகப் பதிவறை அக்காவிடம் அந்த வீட்டைப் பற்றி விசாரித்தேன். அவர் முகம் மாறியது.

“அந்த வீட்டைப் பூட்டி சீல் வெச்சு நாலு வருஷமாச்சு தம்பி. பழைய பட்டியலைக் கொடுத்துத் தொலைச்சிருக்காங்க. கம்பி பேந்து, மனுஷன் கீழ விழுந்து செத்துட்டார். அப்புறம்தான் புதுக் கம்பி போட்டாங்க. சாவி இதோ, இங்கதான் தொங்குது.”

அந்த வீட்டின் கோப்பை அலமாரியிலிருந்து எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

மூன்று புகார்க் கடிதங்கள். மூன்றாவதன் ஓரத்தில், ‘நேரில் பார்த்தேன். பழுது ஏதுமில்லை’ என்று எழுதியிருந்தது. அவர் விழுவதற்கு எட்டு நாள் முந்தைய தேதி.

கீழே என் கையெழுத்து.

வேறு அலுவலகத்துக்கு மாற்றலாகிப் போகும் அவசரத்தில், உட்கார்ந்த இடத்திலேயே நாற்பது புகார்களை முடித்த நாள் அது. நேற்று வரைக்கும் அந்த மாடிக்கு நான் ஏறியதே இல்லை.